பூமி: கணினியோடு மாறிய விதிகள்

கர்நாடக அரசின் ‘பூமி’ திட்டம், கையால் எழுதிய சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. அதுவரை பதிவேடுகள் கிராமக் கணக்கர்கள் வசம் இருந்தன. நகலுக்காக விவசாயிகள் அவர்களைத் தேடி அலைந்தார்கள், பலர் லஞ்சமும் கொடுத்தார்கள். பிறகு தாலுகா அலுவலகத்திலேயே 15 ரூபாய்க்கு அச்சிட்ட நகல் கிடைத்தது.

கையெழுத்து நகல் இனிச் செல்லாது என்று அரசு அறிவித்ததுதான் திருப்புமுனை. பழைய வழி அடைபட்டது. நில உரிமையாளர் பெயரை மாற்றக் கோரும் மனுக்களை வந்த வரிசையிலேயே எடுக்க வேண்டும் என்ற விதி மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டது. ஊழியர் விரல்ரேகை வைத்தால்தான் உள்ளே நுழையலாம்; யார் எதைத் திருத்தினார் என்பது பதிவாகிவிடும்.

ஆனாலும் பெயர் மாற்றத்துக்கான விசாரணையும் ஒப்புதலும் அதிகாரிகளிடமே இருந்தன. அங்கே ஏற்படும் தாமதத்தைக் கணினியால் தீர்க்க முடியாது. நிர்வாக நடைமுறையைத்தான் திருத்த வேண்டும்.