கையின் பிழை, குழலின் பிழை

பத்து வளையம் – 9

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் நிதானச் சுற்றில் வைக்கப்படும் இலக்கில், பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டுவிட்டாலே பத்துப் புள்ளி. .22 குண்டின் குறுக்களவு 5.6 மி.மீ. என்பதால், இலக்கின் நடுவிலிருந்து 27.8 மி.மீ. தூரத்துக்குள் குண்டின் மையம் விழுந்தால் போதும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்று துல்லியமானதா என்று கேட்டால், இந்த வட்டத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

குண்டுகள் எங்கே விழுகின்றன என்பது ஒரு விஷயம், எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது இன்னொரு விஷயம். பத்துத் தோட்டாவும் ஏழாவது வளையத்தில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்த பிஸ்டலைக் குறை சொல்லக் கூடாது. பின் சைட்டின் திருகைச் சில ‘கிளிக்’ திருப்பினால் அந்தக் குவியல் அப்படியே நடுவுக்கு வந்துவிடும். சிதறலைத்தான் எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. எனவே பிஸ்டலை எடைபோட நாம் பார்க்க வேண்டியது குரூப்பிங், அதாவது குவியலின் நெருக்கம்.

அந்தக் குரூப்பிங்கில் யாருடைய பங்கு எவ்வளவு? தாளில் தெரியும் சிதறலில் சுடுபவரின் கையும் இருக்கிறது, பிஸ்டலும் இருக்கிறது, தோட்டாவும் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கை தனியாக 80 மி.மீ. சிதறடிக்கிறது, பிஸ்டலும் தோட்டாவும் சேர்ந்து 25 மி.மீ. சிதறடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தாளில் தெரிவது 84 மி.மீ. சில லட்சங்களைக் கொடுத்து 15 மி.மீ.க்குள் அடிக்கும் பிஸ்டல் ஒன்றை வாங்கினால், தாளில் தெரிவது 81. இந்தச் சிறு வித்தியாசத்தால் புள்ளிப் பட்டியலில் எதுவும் மாறாது. அதே மாற்றத்தை, கை 35 மி.மீ.க்குள் நிற்கும் வீராங்கனை செய்தால் 43 என்பது 38 ஆகும். அவருக்கு அது உள்வட்டப் பத்துகளாகக் கணக்கில் ஏறும். புதிய பிஸ்டல் வாங்கக் கடன் வாங்கத் தயாராக நிற்கும் பெற்றோர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கை ஏன் இவ்வளவு சிதறடிக்கிறது? உடல் ஆடுவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிஸ்டல் முழுதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், இலக்கிலும் குண்டு ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் கதையே வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே போட்டி விதி அனுமதிக்கும் அதிகபட்ச தூரம் 220 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டர், 25 மீட்டர் தாண்டும்போது 114 மி.மீ. ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகல்கூட 11 மி.மீ. சாப்பிட்டுவிடும். பயிற்சியாளர்கள் ‘இலக்கைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார்’ என்று தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

ஆகவே பிஸ்டலை மட்டும் தனியே சோதிக்க வேண்டுமானால் கையையும் கண்ணையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பலர் போட்டி பிஸ்டலோடு ஒரு சோதனைத் தாளையும் பெட்டியில் வைத்து அனுப்புவது உண்டு. பிடிமான இயந்திரத்தில் பொருத்திச் சுட்ட தாள் அது. அமெரிக்காவில் ‘ரான்சம் ரெஸ்ட்’ என்ற சாதனம் பரவலாகப் புழங்குகிறது. பிஸ்டலின் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றிவிட்டு, சட்டகத்தை அந்த மாடலுக்கென்றே வார்த்த இரு தாங்கு துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்குவார்கள். சுட்டதும் அதிர்ச்சியில் பிஸ்டல் மேலே எழும்பும். அதைக் கையால் அழுத்தி, அதே நிறுத்தத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து அடுத்ததைச் சுட வேண்டும். தாங்கு துண்டுகள் படிந்து உட்காரும்வரை முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் ஊர் சுடுதளங்களில் இப்படி ஒன்று கிடைப்பது அரிது. மணல் மூட்டை போதும், ஆனால் கவனம் வேண்டும். மூட்டை சட்டகத்தையும் மணிக்கட்டையும் தாங்கலாம். பின்னோக்கி ஓடும் ஸ்லைடைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் பிடி ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். கண்ணின் பிழையைக் குறைக்க, சோதனைக்கு மட்டும் சிவப்புப் புள்ளி சைட் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்துவது நல்ல வழி.

எத்தனை குண்டு சுட்டுப் பார்ப்பது? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐந்து குண்டு சுட்டு, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியது என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். சராசரியாக 25 மி.மீ.யில் ஐந்து குண்டுகளை அடக்கும் பிஸ்டல் ஒரு முறை 18 காட்டும், இன்னொரு முறை 32 காட்டும். இரண்டும் அதே பிஸ்டல்தான். அதோடு, பத்துக் குண்டு சுட்டால் குவியலின் அகலம் ஐந்து குண்டுக் குவியலைவிடச் சராசரியாகக் கால்பங்கு பெரிதாகவே இருக்கும். எனவே ஐந்தை ஐந்தோடும் பத்தைப் பத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். பத்துப் பத்தாக நான்கைந்து தாள்கள் சுட்டுச் சராசரி எடுப்பதுதான் முறை. தள்ளி விழுந்த ஒற்றைக் குண்டை ‘அது கணக்கில்லை’ என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. பிடிமானத்திலிருந்து சுடும்போது தள்ளி விழுந்தது என்றால், போட்டியிலும் அது விழும்.

இதில் ஒரு விதிவிலக்காக, முதல் குண்டைத் தனியாகக் குறித்துவையுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் முதல் தோட்டாவைக் கையால் ஸ்லைடை இழுத்து ஏற்றுகிறோம். அடுத்தடுத்தவற்றைப் பிஸ்டலே வேகமாக ஏற்றிக்கொள்கிறது. இரண்டு முறையிலும் பாகங்கள் ஒரே இடத்தில் வந்து அமரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு தாளிலும் முதல் குண்டு மட்டும் ஒரே திசையில் விலகி விழுந்தால், பூட்டு சரியாக அமரவில்லை என்று சந்தேகப்படலாம்.

இந்தப் பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலில் குழல் அசையும். சுட்டதும் குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டியபடி சற்றுப் பின்னே போகும். பிறகு குழலின் பின்முனை கீழே இறங்கிப் பூட்டு விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய், காலி உறையை எறிந்துவிட்டு, புதுத் தோட்டாவோடு திரும்பும்போது குழல் மறுபடி எழுந்து பூட்டிக்கொள்ளும். சைட்டுகள் இருப்பது ஸ்லைடின் மேல். குழல் ஒவ்வொரு முறையும் ஸ்லைடுக்குள் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் அமர்ந்தால்தான் சைட் காட்டும் இடத்துக்குக் குண்டு போகும். குழலின் நீளம் 127 மி.மீ. அதன் வாய்ப்பக்கம், வளையப் புஷ்ஷுக்குள் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடம் மாறி அமர்ந்தால், 50 கஜத்தில் குண்டு 36 மி.மீ. விலகும். ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளில் இந்த பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டி 50 கஜத்தில் சுடுகிறார்கள். அங்கே பத்து வளையம் சுமார் 85 மி.மீ. சேற்றிலும் மணலிலும் வேலை செய்ய வேண்டும் என்று தளர்வாகச் செய்யப்பட்ட ராணுவ பிஸ்டல் அதற்குப் போதாது. 1956இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ராணுவத் துப்பாக்கி சுடும் பிரிவின் ஆயுத மெக்கானிக்குகள், புஷ்ஷையும் பூட்டுப் பற்களையும் கையால் அரம் போட்டுப் பொருத்தி அதைப் போட்டிக்கு ஏற்றதாக மாற்றினார்கள்.

அசையும் குழல் உள்ள எந்த பிஸ்டலிலும் ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் இதைப் பார்க்கலாம். மேகசினை எடுத்துவிட்டு, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பாருங்கள். ஸ்லைடை மூடி, உறை வெளியேறும் திறப்பில் தெரியும் குழலின் மேல்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கீழே அமுங்கி மேலே துள்ளினால் பூட்டில் இடைவெளி இருக்கிறது.

போட்டிக்கான .22 பிஸ்டல்களில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. தோட்டாவின் அழுத்தம் குறைவு. பின்தள்ளும் பாகத்தின் எடையும் ஸ்பிரிங்கும் போதும், பூட்டு தேவையில்லை. குழல் சட்டகத்தோடு நிலையாக நிற்கும். 1957இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41இல் பின் சைட், குழலிலிருந்தே பின்னோக்கி நீளும் பட்டையின் மேல் இருக்கிறது. சோவியத் மார்கோலின் பிஸ்டலில், ஓடும் ஸ்லைடுக்கு மேலே வளைந்து நிற்கும் ஒரு பாலத்தின் மேல் பின் சைட்டை வைத்தார்கள். சைட் அசையவே அசையாது. அதை வடிவமைத்த மிகயீல் மார்கோலின் இளம் வயதிலேயே சண்டையில் தலையில் காயம்பட்டுப் பார்வையை முழுதும் இழந்தவர். விரல்களால் தடவித் தடவியே பாகங்களை அவர் உருவாக்கினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

.22இல் சிதறலுக்குப் பெரிய காரணம் தோட்டாதான். இதன் வெடிமருந்துத் துவக்கி, உறையின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது. பெரிய தோட்டாக்களைப் போல வீட்டில் அளந்து நிரப்பிக்கொள்ள வழியில்லை. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் அட்டைப்பெட்டியின் மீது அச்சிட்ட லாட் எண் மாறினால் குரூப்பிங்கும் மாறலாம். உங்கள் குழலுக்கு எந்த லாட் பிடிக்கிறது என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். இறக்குமதியையும் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கையையும் நம்பியிருக்கும் நம் வீரர்களுக்கு இது எளிதல்ல. ஆனாலும் இரண்டு மூன்று லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதித்து, நன்றாக அடித்ததை அந்தப் பருவத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுவது, புது பிஸ்டல் வாங்குவதைவிடப் பலமடங்கு மலிவு.

மிக நெருக்கமாக அடிக்கும் லாட் ஒன்று, இருபது முப்பது குண்டுக்கு ஒரு முறை சிக்கிக்கொள்கிறது என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். ரேபிட் ஃபயர் பிரிவில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டுகளை 8 வினாடியில், பிறகு 6இல், கடைசியில் 4 வினாடியில் சுட்டாக வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில், ஒவ்வொரு ஐந்தையும் 4 வினாடிக்குள் சுட்டு, நாற்பதில் முப்பதை 9.7 அல்லது அதற்கு மேல் பதித்து இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றார். அந்த வேகத்தில் காலி உறை ஒன்று திறப்பில் மாட்டி நின்றால், அதுவரை அடித்த மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பயன்படாது. ஆகவே சோதனைத் தாளின் ஓரத்தில் குரூப்பிங்கின் அளவோடு, எத்தனை முறை சிக்கியது என்பதையும் எழுதிவையுங்கள்.

கையின் பிழையில் பெரும்பகுதி பிறப்பது விசையை இழுக்கும் அந்த நொடியில். 25 மீட்டர் பிஸ்டலில் குறைந்தபட்ச விசை எடை 1,000 கிராம். அந்த எடையை ஆட்டமில்லாமல் இழுப்பது பற்றி அடுத்த வாரம்.