வீட்டு எலுமிச்சையில் ஒரு மாலை

வங்கியில் பணியாற்றியவர்களுக்கு மரம் வளர்க்கும் பாக்கியம் எளிதில் வாய்ப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இடமாற்றம். குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் எலுமிச்சை விதை ஊன்றியதுண்டு. ஆனால் விதைக் கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும்; ஒரு காயையும் கண்ணால் கண்டதில்லை. ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகே கொல்லையில் ஒரு கன்றை நிலையாக நட முடிந்தது. “நம் மரத்துப் பழத்தில் 27 கோத்துப் பட்டீஸ்வரம் துர்க்கைக்கு மாலை சாற்ற வேண்டும்” என்று என் மனைவி அன்றே வேண்டிக்கொண்டாள்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டரை அடியாகக் குழி எடுத்து, மக்கிய சாண எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட்டோம். கன்று செழித்தது. மூன்றாம் ஆண்டில் வந்தது சோதனை. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. தாகம் என்று எண்ணி இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். மரம் மேலும் வாடியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போவதை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

நாங்கள் வழக்கமாகச் செல்லும் கோயிலில் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை அழைத்துவந்து காட்டினேன். தண்டைச் சுற்றி நான் அணைத்திருந்த மண்ணைக் கையால் விலக்கினார். “ஐயா, நீங்க மரத்தோட கழுத்துல தண்ணி ஊத்துறீங்க. அது குடிக்கிறது அங்கே இல்லை” என்றார். காலையில் நீராடியதும் ஒரு குடம் நீரை அடித்தண்டில் ஊற்றுவதை ஒரு பூஜைபோலவே செய்துவந்தவன் நான். அதுவே கேடாய் முடிந்திருந்தது.

எலுமிச்சையின் உணவு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே, கிளைகளின் நிழல் விழும் எல்லை வரை பரவியிருக்கும். காவிரிப் படுகையின் களிமண்ணில் தண்டைத் தொட்டு நீர் நின்றால், மண்ணிலுள்ள பூஞ்சாணம் பட்டையைத் தாக்கும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி உள்வரப்பும், கிளைநுனிக்கு நேர் கீழே வெளிவரப்பும் போட்டு, இரண்டுக்கும் இடையில் மட்டுமே நீர் விட வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த நீர். பூத்ததிலிருந்து பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆகும்வரை மட்டும் காயவிடலாகாது, பிஞ்சுகள் உதிர்ந்துவிடும்.

மருந்தும் அவரே சொன்னார். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அழுகிய பட்டையைச் சுரண்டிவிட்டு இந்தப் பசையை அன்றே பூசினோம். மயில்துத்தம் நஞ்சு; பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம்.

மரம் தேற ஓராண்டு பிடித்தது. தளிர்த்தவுடன், பறவை எச்சம்போல் தோன்றும் புழுக்கள் வந்தன. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். வீட்டில் வில்வம் வைத்திருப்பவர்கள் அதிலும் இந்தப் புழுவைக் கண்டிருக்கலாம். அர்ச்சனைக்குப் பறிக்கும் இலையில் பூச்சிமருந்து எதற்கு? காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம். என் விரல்களில் முள் குத்தாத நாளில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கோடையில் 22 பழங்கள் கிடைத்தன. மீதி ஐந்தைக் கடையில் வாங்கிச் சேர்த்துவிடலாமே என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. வடக்குக் கிளையில் பிஞ்சுகள் இருக்கின்றன. இந்த 22ஐயும் ஊறுகாய் போட்டுவிட்டு, அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கிறோம்.