ஒன்பது மணி நேரப் பந்தயம், ஒரு கேமரா, கூடவே அப்பா

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் புகைப்படக் கலை டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரே தலைப்பில் எடுத்த பத்துப் படங்களோடு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கார் பந்தயப் பைத்தியம் உண்டு. அதனால் அதிகம் யோசிக்கவில்லை. ஆண்டு இறுதியில் நடக்கும் சிப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தையே எடுத்துக்கொண்டேன். கேமராவை மாமாவிடம் இரவல் வாங்கினேன். வாகன உரிமம் மட்டும் என்னிடம் இல்லை.

அப்பா கிள்ளானில் சிறிய கார் பட்டறை வைத்திருக்கிறார். "வாரம் முழுக்கக் காரோட போராடுறேன். வார இறுதியிலயும் அதையே பார்க்கணுமா?" என்று சலித்துக்கொண்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். பத்துப் படமும் உருப்படியாக வந்தால் டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுவார். இல்லையென்றால் நான் கணக்கியல் படிக்க வேண்டும்.

இந்தப் பந்தயம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சிறு விளக்கம். சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்கள் பறந்த அதே தடம்தான். இங்கே 181 சுற்றுகளை ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் வரும். பெட்ரோல் நிரப்புவதும், டயர் மாற்றுவதும், ஓட்டுநர் மாறுவதும் அந்த நேரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலையில் போனால்கூட 800 கிலோமீட்டரைத் தொடாது. அதைவிட நீண்ட தூரத்தை ஒரே காரில், சில ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டி முடிக்கிறார்கள். அந்தக் கார்களும் நம் வீட்டு வாசலில் நிற்கும் சாகா, வியோஸ், சிட்டி வகைகள்தான். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் கூண்டு மாட்டியிருப்பார்கள்.

முதல் நாள் தகுதிச் சுற்று. முதல் வளைவுக்கு எதிரே இருந்த பார்வையாளர் மேட்டில் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சுட்டுத் தள்ளினேன். இரவு வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. படம் தெளிவாகத்தான் இருந்தது. ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என வைத்திருந்தேன் அல்லவா, அதனால் சக்கரங்கள் அசையாமல் உறைந்து போயிருந்தன. எல்லாக் காரும் பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் நிற்பது போல் தெரிந்தது. பின்னால் நின்று பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் நண்பகல் வாக்கில் பந்தயம் தொடங்கியது. ஷட்டர் வேகத்தை 125இல் ஒரு பங்காகக் குறைத்தேன். கார் வரும்போதே லென்ஸில் பிடித்து, அது போகும் வேகத்துக்கு இடுப்பைத் திருப்பிக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் கார் தெளிவாக விழும், பின்னணி கோடுகளாக இழுபடும், சக்கரம் சுழல்வது தெரியும். சொல்வது சுலபம், ஆனால் எனக்கு இருபதுக்கு ஒன்றுதான் தேறியது. இரண்டு மணி நேரத்தில் சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலை. அப்பா ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த இரைச்சலில் எப்படித் தூக்கம் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிற்பகலில் மழை கொட்டியது. சிப்பாங் மழை சொல்லிவிட்டா வரும்? பாதுகாப்புக் கார் முன்னால் வர, மற்றவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அதன் பின்னால் மெதுவாக ஊர்ந்தன. நான் கேமராவைக் குப்பைப் பையில் சுற்றி அணைத்துக்கொண்டேன். மழை விட்டு வேகம் மீண்ட கொஞ்ச நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வெள்ளைக் கார் சத்தத்தைக் கேட்டியா? நாலுல ஒன்னு வேலை செய்யல."

எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. அடுத்த சுற்றில் அவர் மறுபடியும் கை காட்டினார். அதற்கடுத்த சுற்றில் வெள்ளைக் கார் பிட் பாதைக்குள் திரும்பியது. "வா, போய்ப் பார்ப்போம்" என்று அவரே எழுந்து நடந்தார். எங்கள் நுழைவுச் சீட்டில் குழுக்களின் கொட்டகைகளுக்குப் பின்புறம் வரை போக முடிந்தது.

சிறிய குழு. பெரிய விளம்பரதாரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து நான்கைந்து பேர் தலையை விட்டிருந்தார்கள். இக்னிஷன் காயிலை மாற்றியும் கோளாறு போகவில்லை. மழைத் தண்ணீர் வயரிங் இணைப்பில் இறங்கியிருக்கிறது. என் வயதுடைய பையன் ஒருவன் தரையில் மண்டியிட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, காற்றடித்து உலர்த்தி, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். கை நடுங்கவில்லை. வெளியே மற்ற கார்கள் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவன் தாடை இறுகியது. அதைப் பார்த்த பிறகுதான் கேமராவை வெளியே எடுத்தேன்.

ஏறக்குறைய நாற்பது நிமிடம் போயிற்று. பதினைந்து சுற்றுக்குச் சமம். இனிமேல் கோப்பை கிடைக்காது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் யாரும் கருவிகளை எடுத்து வைக்கவில்லை. அப்பா கதவோரம் கைகட்டி நின்று, எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சொல்லியிருப்பார், ஆனால் அடுத்தவர் பட்டறையில் வாய் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். எஞ்சின் சீராக உறுமியதும் அந்தப் பையன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அதையும் எடுத்துவிட்டேன்.

இருட்டிய பிறகு முகப்பு விளக்குகள் நீண்ட நேர்ச் சாலையில் வரிசையாக வந்தன. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றியதில் படமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. கவலைப்படவில்லை. வெள்ளைக் கார் கொடியைக் கடந்தபோது அதன் பின்பக்க பம்பர் டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பந்தயத்தில் வென்ற காருக்குக்கூட அவர் தட்டவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பத்துப் படங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஓடும் கார் இரண்டில்தான் இருந்தது. மற்றவற்றில் கிரீஸ் படிந்த விரல்கள், ஈரத் தரையில் கிடக்கும் ஸ்பேனர், வெளிச்சத்துக்காகக் கைப்பேசியை வாயில் கவ்விய பெண் மெக்கானிக், தீயணைப்புக் கருவியோடு அசையாமல் நிற்பவர் என்று போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மண்டியிட்ட பையனின் படத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார்.

"இதுல பின்னாடி மங்கலாத் தெரியுறது நான்தானே?"

"ஆமாப்பா. வெட்டிடவா?"

"இருக்கட்டும். இது மாதிரி இன்னொன்னு பிரிண்ட் போடு, பட்டறையில மாட்டணும்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனவர், கல்லூரிக்கு முன்பணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று அங்கிருந்தே கேட்டார்.