உங்களுக்குத் தெரியுமா? குளத்துக்குள் ஒரு மூங்கில் பள்ளி

மரக்காணத்துப் பிள்ளைகளைச் சுற்றி எங்கும் தண்ணீர்தான்: கடல், பக்கிங்காம் கால்வாய், கழுவேலி ஏரி. மழை பிடித்துக்கொண்டால் உப்பளப் பாத்திகளும் நிரம்பிவிடும். வேலை நிற்கும், கூலியும் நிற்கும். தண்ணீர் சூழ்ந்த பிள்ளைகள் நீச்சல் கற்றே ஆக வேண்டும். ஆனால் அந்த வீடுகளிடம் நீச்சல் வகுப்புக்குக் கட்டணம் கேட்பது அநியாயம்.

நீச்சல்குளமே இல்லாமல் சொல்லித்தர முடியும் என்று காட்டியிருக்கிறது வங்கதேசம். ஊர்க் குளத்தில் தண்ணீருக்கடியில் மூங்கில் மேடை, சுற்றிலும் மூங்கில் தடுப்பு. பிள்ளைகள் அதன்மேல் நின்று, தடுப்பைப் பிடித்தபடி காலை உதைத்துப் பழகுகிறார்கள். சொல்லித்தருபவர்கள் உள்ளூர்க்காரர்கள். 25 மீட்டர் நீந்தி, 30 விநாடி மிதந்தால் தேர்ச்சி.

2022இல் அந்நாட்டு அரசு இதற்காகச் சுமார் 272 கோடி டாக்கா (அந்நாட்டு நாணயம்) மதிப்புள்ள திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 6 முதல் 10 வயதுவரை 3,60,000 பிள்ளைகளுக்கு நீச்சல். சின்னக் குழந்தைகள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள 8,000 பகல்நேரக் காப்பகங்கள். பெரும்பங்கு அரசுப் பணம் என்பதுதான் இதில் முக்கியம். நம் ஒன்றிய சுகாதார அமைச்சகமும் 2023இல் நீரில் மூழ்கும் சாவுகளைத் தடுக்க ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதற்கான நிதி உப்பளக் கரை ஊராட்சிவரை வந்துசேர வேண்டும்.

வங்கதேச வகுப்புகளில் கற்றுத்தரும் இன்னொரு பாடத்துக்குச் செலவே இல்லை: யாராவது மூழ்கினால் நீயும் குதிக்காதே. கத்தி ஆளைக் கூப்பிடு. கம்பை நீட்டு, இல்லையென்றால் மூடிய காலி கேனைக் கயிற்றில் கட்டி வீசு.