ஆஸ்பத்திரி எத்தனை தூரம்?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் போயிருப்பீர்கள். ஸ்பெஷல் பஸ், ரயில் எல்லாம் உண்டு. இறங்கியதும் ஒரு சுக்குக் காபி குடித்துவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, 'அப்பாடா, கால் கடுக்குது' என்று தேரடி வீதியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அது நாம் ஆசைப்பட்டு நடக்கிற நடை. வேறு வழியில்லாமல் நடக்கிறவர்களும் அதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். கோயில் ஊரிலிருந்து போளூர் போய், அங்கிருந்து மேற்கே மலையேறினால் ஜவ்வாது மலை. நடுவில் ஜமுனாமரத்தூர். அதுவரை தார் ரோடும் பஸ்ஸும் உண்டு. ஆனால் சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் பலவற்றுக்கு அங்கிருந்து இறங்கி நடக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தை நினைத்துவிடாதீர்கள், இவர்கள் பேசுவது நம் தமிழ்தான்.) சாமையும் தேனும் புளியும் பலாவும் இந்த மலையிலிருந்து கீழே வந்துவிடுகின்றன. பிரசவ வலி கண்ட பெண் கீழே வருவதுதான் பெரும்பாடு!

ஜீப் போகாத இடங்களில் டோலி கட்டுவார்கள். நீளமான மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, நோயாளியைப் படுக்க வைத்து, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வருவது. மழை பெய்தால் பாதை வழுக்கும். ராத்திரி என்றால் டார்ச் வெளிச்சம்தான்.

2023 மே மாதம் பக்கத்து வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் நடந்தது பேப்பரில் வந்தது, ஞாபகம் இருக்கலாம். அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ரோடு சரியில்லை என்று ஆம்புலன்ஸ் வழியிலேயே நின்றுவிட, உடலைத் தூக்கிக்கொண்டு பெற்ற தாய் மலையேறினார்.

தாய்மார் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். உயிரைப் பறிப்பது மூன்று தாமதங்கள்: 'போகலாமா' என்று முடிவெடுப்பதில் தாமதம்; போய்ச் சேருவதில் தாமதம்; சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ரோடு இல்லாதது இரண்டாவது தாமதம் மட்டும்தான் என்று நினைப்போம். அப்படியில்லை, முதல் தாமதத்தையும் அதுதான் உண்டாக்குகிறது. நாலு ஆளைக் கூப்பிட வேண்டும், ஜீப்புக்குப் பணம் புரட்ட வேண்டும், ஒரு நாள் கூலி போகும்... 'விடியட்டும் பார்க்கலாம்' என்று யாராக இருந்தாலும் சொல்லத்தானே தோன்றும்? பிரசவத்துக்குப்பின் உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால், விடியும்வரை அது காத்திருக்காது. இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமைதான். மீதி எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஒரு ரோடு போட என்ன கஷ்டம்?' என்று கேட்பீர்கள். காடு என்பது முதல் பதில். 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தில் ரோடு போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஃபைல் நகர வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. 2006-ன் வன உரிமைச் சட்டத்தில், ரோடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் தரலாம்; ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது; கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்த கிராம சபைத் தீர்மானம்தான் சாவி.

இன்னொரு சிக்கல் தலைக்கணக்கு. 2000-ல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேர் இருக்கும் ஊருக்குத்தான் இணைப்புச் சாலை. மலை மாநிலங்கள், பாலைவனம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றுக்கு 250. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது! எப்படிப் பார்த்தாலும், முப்பது வீடு உள்ள குக்கிராமம் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

இதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கி வழியாக எங்கோ இருக்கிற நட்சத்திரம் தெரிகிறது. ம்... பெருமூச்சு விடத்தான் முடியும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் நிலைமை நிறையவே மாறியது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. தேதிக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். பி.பி., சுகர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏற முடியாமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவர்கள் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு போகிறது.

'மலைக்காரர்கள் பாடு, நமக்கென்ன' என்கிறீர்களா? உங்கள் மாமியாரோ, அப்பாவோ கடைசி பஸ் எட்டு மணியோடு முடிந்துவிடும் ஊரில்தானே இருக்கிறார்கள்? தலைப்பிரசவத்துக்கு மகள் அந்த ஊருக்குத்தான் வரப்போகிறாளா? சொந்த ஊர்தான், அம்மா வீடுதான்... இருந்தாலும் டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே ஆஸ்பத்திரி பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அவளை மாற்றிவிடுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய வண்டிக்காரர் இரண்டு பேரின் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். 108-க்குப் பேசும்போது ஊர்ப் பேரோடு பக்கத்துப் பெரிய ஊர், பஸ் நிறுத்தம், கோயில் என்று அடையாளம் சொல்லுங்கள். ஒரே பேரில் பத்து ஊர் இருக்கும்! வண்டி வர முடிகிற இடத்துக்கு நோயாளியைக் கொண்டுவர முடிந்தால், வண்டி வந்து தேடட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாம்புக்கடிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கயிறு கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையோ காலோ அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். முக்கியமாக, நடக்க விடாதீர்கள். டோலி இங்கே சரியான வாகனம்தான்! பைக் மட்டும்தான் கிடைத்தது என்றால், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வையுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். தரையில் படுத்து எழுந்தவர் விடியற்காலையில் 'வயிறு வலிக்குது, கண் இமை சொருகுது' என்றால், வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டுவர வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கடித்த நேரத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார்.