நாடியும் மொழியும்

புனே விமான நிலையத்தை அடுத்திருப்பதால் விமான் நகர் என்று பெயர் பெற்ற பகுதியில், முதன்முறையாக விமானம் ஏறச் செல்லும் ஒருவரைச் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். "பயமாக இருக்கிறதா?" என்று வினவினால், "இல்லவே இல்லை" என்பார். ஆயினும் அவருடைய உள்ளங்கை வியர்த்திருக்கும், நெஞ்சு படபடக்கும். இவ்விரு சாட்சிகளில் எதை நம்புவது?

மெய்நிகர் உலகை ஆராய்வோரையும் இக்கேள்வியே எதிர்கொள்கிறது. கண்களை மறைத்து அணியும் கருவியினுள் கணினி தீட்டிக் காட்டும் உலகமே மெய்நிகர் உலகம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். விமான் நகரிலேயே சிம்பயாசிஸ் வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கலையில் பயில்வோர், தாம் படைப்பது அழகாக இருக்கிறதா என்பதோடு, அதைப் பயன்படுத்துவோர் உண்மையில் என்ன உணர்கிறார் என்பதையும் அறிய வேண்டியவராவர்.

இதற்கு வழிகாட்டிய சோதனை ஒன்றை, அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்டனர். கருவியை அணிந்தவர் ஓர் அறையினுள் நுழைகிறார். தரை இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 20 அடி ஆழமுள்ள குழி தெரிகிறது. அது வெறும் படமே என்று அவர் அறிவார். எனினும் நாடி விரைகிறது. நாடித் துடிப்பு, தோல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, தோலின் வெப்பம் ஆகிய மூன்றையும் அளந்ததில், நாடித் துடிப்பே சிறந்த அளவுகோலாக விளங்கிற்று. குழியின் விளிம்பைக் காலால் உணருமாறு ஒன்றரை அங்குல உயரமுள்ள மரப்பலகையைத் தரையில் வைத்தபோது, துடிப்பு மேலும் ஏறியது.

மூளையின் மின்னலைகளை மனிதரிடம் முதன்முதலாக 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவ்வலைகள் மிக நுண்ணியவை. கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும், தசைகளின் மின்சாரம் அவற்றை மூழ்கடித்துவிடும். ஆகவே தலையில் கருவி அணிந்து நடமாடுவோரிடம் அவற்றை அளப்பது எளிதன்று.

மேலும், அச்சத்தில் விரையும் நாடி மகிழ்ச்சியிலும் விரையும். நாலடி வேகமாக நடந்தாலும் விரையும். உணர்ச்சி எவ்வளவு என்பதைக் கருவி கூறும். எத்தகைய உணர்ச்சி என்பதைத் தெளிவாகக் கூறாது. ஓய்வாக இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிட்டு, அனுபவித்தவரையும் வினவினால்தான் பொருள் விளங்கும். சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாடியும் உண்டு, மொழியும் உண்டு என்பதை நாம் இங்கே நினைவுகூரலாம்.

ஒரு கடமையும் உண்டு. விரும்பாதவர் வாய்திறவாமல் இருக்கலாம். நாடியை அவ்வாறு அடக்க இயலாது. ஆதலின், எதை அளக்கிறோம், எதற்காக அளக்கிறோம் என்று முன்னரே எடுத்துரைத்து, அவருடைய இசைவைப் பெற்ற பின்னரே கருவியைப் பொருத்த வேண்டும். அவருடைய உடல் கூறும் செய்தி முதலில் அவருக்கே உரியது.