எந்திரங்கள் பல, பேனா ஒன்று!

இன்டர்நெட் கடையில் ஒருவர் "நீலச் சட்டை" என்று தேடுகிறார். கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்து விடுகிறது. கடையிலோ லட்சக்கணக்கான சாமான்கள்! ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தா விடை சொல்கிறது எந்திரம்?

இல்லை. அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது.

பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் போட்டிருப்பார்கள் அல்லவா? அதே தந்திரம்தான். "நீலம்" எந்தெந்தச் சாமானில், "சட்டை" எந்தெந்தச் சாமானில் என்று முன்கூட்டியே எழுதி வைத்து விடுகிறார்கள். இரண்டிலும் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது!

இந்த வேலைக்குப் பேர் பெற்ற புரோகிராம் "லூசீன்". அமெரிக்கரான டக் கட்டிங் 1990-களின் கடைசியில் எழுதியது. லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப் பெயர்! காசில்லாமல் யாரும் எடுத்துக் கொள்ளலாம் என்று விட்டதால் உலகமெங்கும் பரவி விட்டது.

வாசலில் சேவகன்

ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கேட்டால் ஒரு கம்ப்யூட்டர் திணறும். அதனால் நாலைந்தை வரிசையாக நிறுத்துகிறார்கள். முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சேவகன் மாதிரி நின்று, "நீ அங்கே போ, நீ இங்கே போ" என்று பங்கிட்டு அனுப்புகிறது.

வம்பு இங்கேதான் ஆரம்பம். அட்டவணையை எங்கே வைப்பது?

பொதுவாக ஒரே டிஸ்கில் வைக்கலாம். படிப்பதில் தகராறு இல்லை; எத்தனை எந்திரமும் படிக்கலாம். எழுதுவதுதான் ஆபத்து! ஒரே பேரேட்டில், ஒரே வரியில், இரண்டு கணக்கப்பிள்ளைகள் எழுதினால் என்ன ஆகும்? அட்டவணையே பாழ்!

ஆகவே லூசீன் ஒரு பூட்டுப் போடுகிறது. எழுத வரும் எந்திரம் அடையாளமாக ஒரு சிறு பைலை வைக்கும். அது இருக்கும் வரை மற்றவை எழுத முடியாது. எழுதும்போதே கரண்டு போய் அந்த எந்திரம் படுத்து விட்டால்? சில வகைப் பூட்டுகளில் அடையாளம் அப்படியே கிடக்கும். பூட்டியவன் போய் விட்டான்; திறப்பது யார்? மனிதர் வந்து கையால் அழிக்க வேண்டியதுதான். அதுவும், உண்மையிலேயே யாரும் எழுதவில்லை என்று நிச்சயம் செய்து கொண்ட பிறகு!

இன்னொரு தொல்லையும் உண்டு. லூசீன் எழுதியதைத் திருத்துவதில்லை. புதுப்புதுத் துண்டுகளாக எழுதிச் சேர்த்து, பிறகு பல துண்டுகளை ஒன்றாக்கி, பழையவற்றை அழித்து விடும். அதே நேரத்தில் வேறோர் எந்திரம் அந்தப் பழைய துண்டைப் படித்துக் கொண்டிருக்கும். ஒயர் வழியாகப் பலரும் பங்கு போடும் டிஸ்கில், படிக்கும்போதே பக்கம் மாயமாகி விடக் கூடும்!

ஆளுக்கு ஒரு நகல்

2004-ல், சி-நெட் என்ற அமெரிக்கக் கம்பெனியில் யோனிக் சீலி என்பவர் லூசீனை உள்ளே வைத்து "சோலர்" என்ற புரோகிராமை உருவாக்கினார். 2006-ல் கம்பெனி அதை அப்பாச்சி என்ற அமைப்புக்குக் கொடுத்து விட்டது. அதில் கையாண்ட வழி எளிமையானது. ஓர் எந்திரம் மட்டும் எழுதும். மற்றவை தத்தமக்கு ஒரு நகல் வைத்துக் கொள்ளும். புதிதாக வந்த துண்டுகளை மட்டும் பிரதி எடுக்கும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகே புதிய நகலுக்கு மாறும்.

பொதுப் பேரேட்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் எல்லா நகலும் ஒரே நொடியில் மாறுவதில்லை. விற்றுத் தீர்ந்த சட்டை ஓர் எந்திரத்தில் இராது. இன்னொன்றில் தொங்கிக் கொண்டிருக்கும். வாடிக்கைக்காரர் மறுபடி தேடினால், இல்லாத சட்டை திரும்பி வந்து நிற்கும்! இதற்காகவே, ஒரே ஆளை ஒரே எந்திரத்துக்கு அனுப்பும்படி சேவகனுக்குச் சொல்லி வைப்பதுண்டு.

எழுதும் எந்திரமே செத்து விட்டால்? 2010-ல் ஷாய் பேனன் வெளியிட்ட "எலாஸ்டிக்சர்ச்"சில் எந்திரங்களே தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. இதிலும் ஒரு கண்டம் உண்டு. நடுவில் ஒயர் அறுந்தால், இரு பக்கமும் "அடுத்தவன் செத்தான்" என்று எண்ணி, ஆளுக்கு ஒரு தலைவரை வைத்து விடலாம். மறுபடி இரண்டு பேனா!

அதைத் தடுப்பது ஓட்டு. ஓட்டுரிமை உள்ள எந்திரங்கள் மூன்று என்றால், இரண்டாவது சம்மதிக்க வேண்டும். தனியே அகப்பட்ட மூன்றாவது எந்திரம், நன்றாக ஓடிக் கொண்டிருந்தாலும், ஒயர் ஒட்டும் வரை ஓர் எழுத்துக்கூட எழுதாது.